ஆபிங்டனில் எம்ஜி கார் தொழிற்சாலை: அப்பாவைக் கூட்டிப்போனால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

எண்ணூர்ப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் இருக்கிறேன், வேலை ஹார்வெல்லில், வீடு டிட்காட்டில். அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து வருகிறார்கள். அம்மாவின் பட்டியலில் லண்டன், கேம்பிரிட்ஜ், ஸ்காட்லாந்து என்று எல்லாம் இருக்கிறது. அப்பா கேட்டது ஒரே ஊர்தான்: ஆபிங்டன்.

அப்பா எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1974-ல் சேர்ந்தார். அப்போது ஆலைக்கு வரும் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரின் படத்தைப் பார்த்து மயங்கியிருக்கிறார். ஆனால் அவருக்குக் காரைவிட அதைப் பூட்டிய இடத்தின் மேல்தான் ஆசை. "பணக்காரன் ஓட்டுற காரா இருந்தாலும் செஞ்சவன் நம்மள மாதிரி லைன்ல நின்னவன்தானே, அவன் நின்ன இடத்தைக் காட்டு" என்கிறார்.

போன சனிக்கிழமை நான் மட்டும் போய் ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஏ34 நெடுஞ்சாலையிலிருந்து மார்ச்சம் ரோட்டில் இறங்கினால் மெக்டொனால்ட்ஸ், அலுவலகக் கட்டடங்கள், போலீஸ் ஸ்டேஷன். கிம்பர் ரோடு, நஃபீல்ட் வே என்று பெயர்ப் பலகைகள். அவ்வளவுதான். அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு நீண்ட விமானப் பயணம் செய்து வருகிறவரிடம் பர்கர் கடையைக் காட்டி "இதுதாம்பா" என்று சொல்ல மனசு வரவில்லை.

பார்க்கிற மாதிரி உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, தொழிற்சாலையை ஏன் மூடினார்கள்? ஸ்டிரைக் செய்தே கெடுத்திருப்பார்கள் என்பது அப்பாவின் கட்சி. மூடியது லேலண்ட் என்று எங்கோ படித்தேன். அது அவர் வேலை பார்த்த லேலண்ட்தானா?

---

டிட்காட் டீக்கடை எழுதியது:

எம்ஜி இப்போது ஷாங்காய்க்காரர்கள் கையில் இருக்கிறது, பாஸ். நம் ஊரில் ஓடும் எம்ஜி எல்லாம் குஜராத் ஹலோலில் செய்வது. ஆபிங்டனில் போய்த் தேடினால் என்ன கிடைக்கும்? பேசாமல் பைஸ்டர் போங்கள். பழைய விமானப்படைத் தளத்தில் பழைய கார்ப் பட்டறைகள் நிறைய இருக்கின்றன, அப்பாவை அங்கே விடுங்கள். அம்மாவை அவுட்லெட்டில் விடுங்கள். கிரெடிட் கார்டை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

---

க்ரோம் பம்பர் எழுதியது:

கவென்ட்ரியில் இருக்கிறேன், பழைய கார்ப் பைத்தியம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஊரைப் பற்றி ஆபிங்டனிலேயே இருக்கும் பருத்தித்துறை மாமி வந்து சொல்லட்டும்.

மூடியது லேலண்ட்தான். அப்பாவிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். லங்காஷயரில் லேலண்ட் என்ற ஊரில் லாரியும் பஸ்ஸும் செய்த கம்பெனிதான் 1950-களில் எண்ணூருக்கு வந்தது. அந்த லாரிக் கம்பெனி 1968-ல் ஆஸ்டின், மோரிஸ், ஜாகுவார், எம்ஜி எல்லாம் அடங்கிய குழுமத்தோடு இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. லாரிப் பக்கம் சம்பாதித்ததைக் கார்ப் பக்கம் தின்றது. 1975-ல் அரசாங்கமே கையில் எடுக்க வேண்டிய நிலை. ஆக, கம்பெனி அதேதான். ஆனால் அப்பா பூட்டிய லாரியின் வம்சமும் எம்ஜியை மூடியவர்களின் வம்சமும் சம்பந்தம் செய்துகொண்டவர்கள், ஒரே ரத்தம் இல்லை.

ஸ்டிரைக் கதை ஆபிங்டனுக்குப் பொருந்தாது. லாங்பிரிட்ஜ், கௌலி மாதிரிப் பெரிய கார் ஆலைகள் என்றால் சரி, தினம் ஒரு தகராறு. ஆபிங்டன் அந்தக் குழுமத்திலேயே அமைதியான ஆலை என்று பெயர் வாங்கியது. அப்புறம் ஏன் மூடினார்கள்?

எம்ஜிபி 1962-ல் வந்த கார். 1979-லும் ஏறக்குறைய அதையே விற்றுக்கொண்டிருந்தார்கள். புது மாடலுக்குப் பணம் ஒதுக்கவில்லை, குழுமம் வைத்திருந்த பணம் அதன் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ஃப் டிஆர்7-க்குப் போனது. எம்ஜிபியின் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே மோதல் விதி மாறியதால் 1974 இலையுதிர் காலத்திலிருந்து பளபளக்கும் க்ரோம் பம்பரைக் கழற்றிவிட்டுக் கறுப்பு ரப்பர் மூக்கை ஒட்டினார்கள், காரையும் கொஞ்சம் உயர்த்தினார்கள். வளைவில் சாய ஆரம்பித்தது. என் புனைபெயருக்குக் காரணம் புரிந்திருக்கும். புகை விதிக்காக அமெரிக்க எஞ்சினில் இரட்டைக் கார்புரேட்டர் போய் ஒற்றை வந்தது, சக்தியும் போனது. இதற்கு நடுவில் பவுண்டின் மதிப்பு ஏறி இரண்டு டாலருக்கு மேலே நின்றது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு எம்ஜிபிக்கும் 900 பவுண்டு நஷ்டம் என்று தலைவர் மைக்கேல் எட்வர்ட்ஸ் தரப்பு சொன்னது. அந்தக் கணக்கை எம்ஜிக்காரர்கள் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கும் சந்தேகம் உண்டு. குழுமத்தின் மொத்தச் செலவை எந்தக் காரின் தலையில் எவ்வளவு கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த 900 எப்படி வேண்டுமானாலும் வரும்.

நான் முக்கியமாக நினைக்கும் காரணம் இன்னொன்று. லைனில் நின்ற உங்கள் அப்பாவுக்குச் சட்டென்று புரியும். ஆபிங்டனில் பாகம் எதுவும் செய்யவில்லை. உடல் ஸ்விண்டனிலிருந்து லாரியில் வரும், எஞ்சினும் வேறு ஆலையிலிருந்து வரும். இவர்கள் பூட்டினார்கள், சோதித்தார்கள், அனுப்பினார்கள். தகடு அடித்துப் பாகம் செய்யும் பிரஸ் ஷாப் இருக்கும் ஆலையை மூடினால் பத்து மாடல் நிற்கும். ஆபிங்டனை மூடினால் ஆபிங்டன் மட்டும்தான் நிற்கும். எதை வெட்டுவது என்று மேஜையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அது மிகச் சுலபமான ஆலை. 1980-ல் ஆஸ்டன் மார்ட்டின் தலைமையில் ஒரு கூட்டணி விலைக்குக் கேட்டுப் பார்த்தது, பணம் திரளவில்லை. அந்த அக்டோபரில் கதவைச் சாத்தினார்கள்.

நேரம் இருந்தால் கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கும் போங்கள். மான்டி கார்லோ ராலி என்ற கார்ப் பந்தயத்தை 1964, 1965, 1967-ல் ஜெயித்த மூன்று மினி கூப்பர்களும் அங்கே உண்டு. மினிக்கும் ஆபிங்டனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: 33 ஈஜேபி, ஏஜேபி 44பி, எல்பிஎல் 6டி. ஜேபி, பிஎல் எல்லாம் பெர்க்ஷயர் எழுத்துகள். ஆபிங்டன் 1974 வரை பெர்க்ஷயரில்தான் இருந்தது. குழுமத்தின் போட்டிக் கார்களைத் தயார் செய்த பட்டறை எம்ஜி ஆலைக்குள் இருந்தது. 1966-லும் முதலில் வந்தது மினிதான். முன்விளக்கு பல்பு விதிப்படி இல்லை என்று பிரெஞ்சுக்காரர்கள் தகுதி நீக்கம் செய்தார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும்.

---

பருத்தித்துறை மாமி எழுதியது:

தம்பி, நான் 1985-ல் ஆபிங்டனுக்கு வந்தேன், ஒக்ஸ்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் தாதி வேலை. கார் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நாங்கள் குடியேறிய தெருவில் ஆலை மூடி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு வீடு எம்ஜிக்காரர். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியில் சாய்ந்துகொண்டு கதைப்பார், நான் துணி காயப்போட்டுக்கொண்டு கேட்பேன். அப்படிக் கேட்டதைத்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் க்ரோம் பம்பர் திருத்தட்டும்.

முதலில், மெக்டொனால்ட்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பியது சரியில்லை. அங்கே ஆலை இருந்தது உண்மை, இப்போது இல்லை என்பதும் உண்மை. நீங்கள் போக வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் செமட்ரி ரோடு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சின்னத் தெருதான். அங்கே கிம்பர் ஹவுஸ் என்று எம்ஜி கார் கிளப்பின் அலுவலகம் இருக்கிறது. 1930-ல் தொடங்கிய கிளப். பழைய படங்கள், ஆவணங்கள் எல்லாம் அவர்களிடம் உண்டு. லைனில் வேலை செய்த ஓர் ஆள் சென்னையிலிருந்து வருகிறார் என்று முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லுங்கள். இந்த ஊரில் "எம்ஜி வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள். "லைனில் நின்றவர்" என்று சொன்னால் கதிரை இழுத்துப் போடுவார்கள்.

கிம்பர் யார் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள். ஒக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மொறிஸின் கார் விற்கும் கடை மொறிஸ் கராஜஸ். எம்ஜி அந்த இரண்டு எழுத்துத்தான். 1922-ல் அங்கே பொறுப்புக்கு வந்தவர் செசில் கிம்பர். சாதாரண மொறிஸ் காருக்கு வடிவான உடல் போட்டு விற்கத் தொடங்கினார். இடம் போதாமல் இங்கே அங்கே மாறி, 1929-ல் ஆபிங்டனில் பவ்லோவா தோல் ஆலையின் காலி இடத்துக்கு வந்தார்கள். ஆபிங்டன் ஆலையின் தொலைபேசி எண் 251. அதனால் பல மாடல்களில் முதல் காரின் எண் 1 இல்லை, 0251. கிழவர் இதைச் சொல்லும்போதெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரிச் சிரிப்பார்.

கிம்பரின் முடிவு நல்லதில்லை. யுத்த காலத்தில் ஆலை சும்மா இருக்கக் கூடாது என்று மேலிடத்தைக் கேட்காமலே விமான வேலை ஒன்றைப் பிடித்தார். 1941-ல் ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள். 1945 பெப்ரவரியில் லண்டன் கிங்ஸ் குரொஸ் அருகே ரயில் பின்னால் வழுக்கி விபத்தாகி, அதில் இறந்துபோனார். ஒக்ஸ்ஃபோர்ட் ரோட்டில் அவர் இருந்த வீடு பிற்பாடு பப் ஆனது, பவுண்டரி ஹவுஸ் என்று பெயர்.

ஆலையைப் பற்றி உங்கள் அப்பா கட்டாயம் கேட்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். லைன் என்றால் தானாக நகரும் லைன் இல்லை. கடைசி வரைக்கும் காரைக் கையால் தள்ளித்தான் அடுத்த ஆளிடம் கொடுத்தார்கள். கிழவரின் வேலை இருக்கை, கம்பளம் பொருத்துவது. தன் வேலை முடிந்ததும் தோளைக் கொடுத்துத் தள்ளுவாராம். வேகம் யார் கையில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கோ. கௌலியில் மெஷின் இழுக்கிற வேகத்துக்கு மனுசன் ஓட வேண்டும், இங்கே மனுசன் தள்ளுகிற வேகத்துக்குக் கார் ஓடியது. அங்கே அத்தனை ஸ்டிரைக்கும் இங்கே இத்தனை அமைதியும் ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான். முழுக் காரணம் அதுவாக இருக்காது. சின்ன ஆலை, அப்பனும் மகனும் மச்சானும் ஒன்றாக வேலை செய்த இடம், அதுவும் இருக்கும்.

அப்படித் தள்ளித் தள்ளியே எம்ஜிபி மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் அனுப்பினார்கள். அதற்கு முன் வந்த எம்ஜிஏ ஒரு லட்சம். ஒஸ்டின் ஹீலியும் இங்கேதான் பூட்டப்பட்டது. 1960-லிருந்து சில வருடம் மொறிஸ் மைனர் வானும் மரச் சட்டம் போட்ட டிராவலரும்கூட. இதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பருத்தித்துறையில் எங்கள் மாமா வைத்திருந்ததும் மொறிஸ் மைனர். அது சாதாரண நாலு கதவுக் கார், கௌலியில் செய்தது என்று கிழவர் உடனே வெட்டிவிட்டார். ஏழு மைல் தூரத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

1979 செப்டம்பரில் நடந்ததைச் சொல்லும்போதுதான் அவர் சிரிக்க மாட்டார். ஆபிங்டனுக்கு எம்ஜி வந்து ஐம்பது வருடம் என்று ஊரே கொண்டாடியது. கார் ஊர்வலம், பாண்ட் வாத்தியம், எல்லாம். கொண்டாட்டம் முடிந்த கையோடு, திங்கட்கிழமை 10-ஆம் தேதி, எம்ஜி உற்பத்தி நிற்கப் போகிறது என்று லேலண்ட் அறிவித்தது. தோரணத்தை அவிழ்க்கவே விடவில்லை. எனக்குப் பிடிக்காத மனுசரைக்கூட இப்படி வீட்டு விசேஷத்துக்கு அடுத்த நாள் ஏசமாட்டேன்.

அந்தக் கொண்டாட்டத்தில் மிஞ்சியது ஒரு பியர். ஆக் ஸ்ட்ரீட்டில் இருந்த மோர்லண்ட் மதுவாலை ஐம்பதாவது வருடத்துக்கென்று காய்ச்சியது, ஓல்ட் ஸ்பெக்கில்ட் ஹென். ஆலைக்குள் எடுபிடி வேலைக்கு ஓடிய துணி போர்த்த பழைய எம்ஜி ஒன்றுக்கு, மேலெல்லாம் புள்ளி என்பதால், ஊர்க்காரர் வைத்த பட்டப்பெயர் அது. இப்போது எந்த சுப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஆனால் மோர்லண்டை கிரீன் கிங் வாங்கி 2000-ல் மூடிவிட்டது. பியர் சஃபக்கிலிருந்து வருகிறது, மதுவாலையில் குடியிருப்பு. எங்கள் கிழவர் அதற்குப் பிறகு அந்தப் போத்தலைத் தொடவே இல்லை. கார் போனதைப் பொறுத்துக்கொண்டவர் பியர் போனதைப் பொறுக்கவில்லை.

இனி எங்கே தொடங்குவது? மார்க்கெட் பிளேஸில் நிற்கும் கவுண்டி ஹாலில் தொடங்குங்கள். 1682-ல் கட்டி முடித்த கட்டடம், கீழே தூண்கள், அந்தக் காலச் சந்தை அதன் கீழ்தான். மேலே நூதனசாலை, அனுமதி இலவசம். ஆபிங்டனில் செய்த கடைசிக் காலத்து எம்ஜிபி ஒன்று அங்கே இருக்கிறது. அதே கட்டடத்தில் கண்ணாடிக்குள் உலர்ந்துபோன பழைய பன்களையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கும். அரச குடும்பத்தில் முடிசூட்டு, கல்யாணம் என்றால் இந்தக் கூரையிலிருந்து கவுன்சில்காரர் கீழே நிற்கும் சனத்துக்குப் பன் எறிவது வழக்கம். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. 2023-ல் சார்ல்ஸ் முடிசூட்டுக்கு நானும் நின்றேன். குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிக்கிற ஆட்கள் எல்லாவற்றையும் அள்ளிவிடுவார்கள், நியாயமே இல்லை.

அங்கிருந்து ஆக் ஸ்ட்ரீட் வழியாக நடந்தாலே செமட்ரி ரோடு பக்கம் வந்துவிடலாம். காரை நகருக்குள் விட்டுவிட்டு நடங்கள். டிட்காட்டிலிருந்து ஏ34-ல் வருகிறவர்களுக்கு லாட்ஜ் ஹில்லில் இறங்க வழி இல்லாததால் எல்லோரும் மார்ச்சம் ரோட்டில்தான் வந்து குவிகிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகையை எப்போது திறந்தாலும் அந்தச் சந்திப்பும் தேம்ஸ் வோட்டர் கட்ட நினைக்கும் நீர்த்தேக்கமும்தான். காலை எட்டரைக்கு மட்டும் வராதேங்கோ.

---

எண்ணூர்ப் பையன் எழுதியது:

மாமி, க்ரோம் பம்பர் அண்ணா, ரொம்ப நன்றி. இரண்டு பதிலையும் நேற்று இரவு போனில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். லேலண்ட் மூடியது என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "அது கார்ப் பக்கம்டா, லாரிப் பக்கம் இல்ல" என்று கட்சி மாறிவிட்டார். அண்ணா சொன்ன சம்பந்திக் கதை நன்றாக வேலை செய்தது.

கையால் தள்ளினார்கள் என்பதை நம்ப மறுக்கிறார். ஐந்து லட்சம் காரை எப்படித் தள்ள முடியும், ஒரு ஷிஃப்டில் எத்தனை ஸ்டேஷன், ஒரு ஸ்டேஷனில் எத்தனை ஆள் என்று என்னைக் கேட்கிறார். நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா பன்னைப் பார்க்க வருகிறாராம். லண்டனிலிருந்து ஒரு நாளைக் கழித்துவிட்டார். திங்கட்கிழமை போகலாமா, சந்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாமே?

---

க்ரோம் பம்பர் எழுதியது:

அப்பாவிடம் சொல்லுங்கள்: சக்கரம் மாட்டிய பிறகு கார் தன் காலில் நிற்கும், தரை சமமாக இருந்தால் இரண்டு பேர் தள்ளினால் போதும். எம்ஜிபி ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். அவர் பூட்டிய லாரியோடு ஒப்பிட வேண்டாம். கிம்பர் ஹவுஸில் லைனின் படம் கேட்டால் காட்டுவார்கள், அதில் தலையை எண்ணிக்கொள்ளட்டும்.

---

பருத்தித்துறை மாமி எழுதியது:

சந்தை திங்கட்கிழமைதான் தம்பி, மார்க்கெட் பிளேஸிலேயே. ஆனால் நூதனசாலை அன்று திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அம்மா சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு பன்னைப் பார்க்காமல் திரும்ப வேண்டிவரும். கார் கிளப்புக்கும் வார நாளில்தான் போக வேண்டும், சனி ஞாயிறில் அலுவலகத்தை நம்பிப் போகாதேங்கோ. இரண்டுக்கும் சரிவராவிட்டால் சந்தையை விடுங்கள், அதில் இப்போது கடை குறைவு.